கீரைப் பாத்தியும் பூனையின் பாதமும்

கீரை விதைக்க மண்ணை எப்படித் தயார் செய்வீர்கள்? கட்டியை உடைத்து, கல்லைப் பொறுக்கி, மக்கிய எரு கலந்து, கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிகிற பதத்துக்குக் கொண்டுவருவீர்கள். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலாக ஒரு கை மண் போட்டு, பூவாளியால் லேசாக நனைப்பீர்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியின் நடுவே ஒரு சிறு குழி, குழியை மூடிய மண் குவியல், நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் விதை. கிட்டே குனிந்தால் நாற்றம். பூனை வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

இத்தனை இடம் இருக்க இங்கேதான் வரவேண்டுமா என்று கேட்காத தோட்டக்காரர் இல்லை. உண்மையில் பூனைக்கு வேறு இடம் இல்லை. சுற்றிலும் சிமென்ட் தளம், தார்ச்சாலை, பேவர் பிளாக் பதித்த முற்றம், மிதிபட்டு இறுகிய செம்மண். அந்தத் தெருவிலேயே தோண்டத் தோதான நிலம் உங்கள் பாத்தி ஒன்றுதான். வீடு கட்டுகிறவர்கள் வாசலில் கொட்டிவைக்கும் மணலைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். லாரி வந்து கொட்டிவிட்டுப் போன இரவிலேயே அக்கம்பக்கத்துப் பூனைகள் அதைக் கண்டுபிடித்துவிடும். மறுநாள் சல்லடையோடு வரும் சித்தாள்தான் பாவம்.

வன்மமோ, எல்லையைக் காட்டும் திமிரோ, தோட்டக்காரர்மேல் கோபமோ இதில் இல்லை. பூனையின் பூர்வீகத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2007-இல் கார்லோஸ் டிரிஸ்கால் குழுவினர் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த வீட்டுப் பூனைகள், காட்டுப் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுப் பூனைகள் எல்லாமே ஃபெலிஸ் லிபிகா என்ற காட்டுப் பூனையின் மேற்காசியக் கிளையிலிருந்து வந்தவை என்பது அதில் தெரிந்தது. வறண்ட நிலத்துப் பிராணி அது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. அவ்வளவு காலம் நம்மோடு இருந்தும் அதன் உடம்பு பாலைநிலத்தை மறக்கவில்லை. நீரை வீணாக்காத சிறுநீரகம் அதற்கு. குறைந்த தண்ணீரில் நிறைய யூரியாவையும் உப்பையும் கரைத்து வெளியேற்றிவிடும். பூனை தினமும் ஒரே மூலையில் மூத்திரம் பெய்தால் அங்கே நாற்று கருகுவது இதனால்தான்.

தோண்டி மூடும் பழக்கத்தைத் தாய்ப்பூனை கற்றுத்தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பிறந்த முதல் மூன்று வாரங்களுக்குக் குட்டிக்குத் தானாகக் கழிக்கவே தெரியாது. தாய் நக்கிவிட வேண்டும், வெளியே வருவதையும் தாயே சுத்தம் செய்துவிடும். ஒரு மாதம் ஆவதற்குள் குட்டி தானாக உதிரி மண்ணைத் தேடிப்போய்ப் பிறாண்டத் தொடங்குகிறது. தாயைப் பார்த்திராத குட்டியும் அப்படியே செய்கிறது. அந்த வயதில் காலுக்குக் கிடைக்கும் மண் எதுவோ அதன்மேல் ஒரு பிடிப்பும் ஏற்பட்டுவிடுகிறது. தோட்டத்து மண்ணில் பழகிய குட்டி, வளர்ந்தபின் தோட்டத்தைத்தான் தேடும்.

ஏன் மூட வேண்டும்? தன் வாசனை பரவினால் தன்னைவிடப் பெரிய விலங்குக்கும், தன்னைவிட வலிய பூனைக்கும் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். ஆனால் எல்லா இடத்திலும் மூடுவதில்லை. தான் படுத்துப் புழங்கும் வட்டாரத்தில் மூடிவிட்டு, வேட்டைக்குப் போகும் தூரத்து வழிகளில் திறந்தே விட்டுவிடும் பூனைகள் உண்டு. உங்கள் பாத்தியில் குழி ஒழுங்காக மூடியிருந்தால், வந்த பூனை அந்த இடத்தைத் தன் வீட்டின் ஒரு பகுதியாகக் கருதுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வகையில் மரியாதைதான்!

பூனை எந்த மண்ணை விரும்பும் என்பதைக் கண்டுபிடித்துக் காசாக்கியவர் ஒருவர் உண்டு. 1947 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எட்வர்ட் லோ என்ற இளைஞரிடம் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் தன் பூனைப் பெட்டிக்கு மணல் கேட்டு வந்தார். கடுங்குளிரில் அவர் வீட்டு மணல் உறைந்துபோயிருந்தது. எண்ணெய் சிந்திய தொழிற்சாலைத் தரைகளில் தூவுவதற்காக லோ விற்றுக்கொண்டிருந்த பொடித்த களிமண் துகளை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் திரும்பத் திரும்ப வந்து அதையே கேட்டார். இன்று கடைகளில் மூட்டையாக விற்கும் பூனை மணலின் கதை அங்கே தொடங்குகிறது. பிற்பாடு, பல வகைத் துகள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது, பூனைகள் பெரும்பாலும் மிக நுண்ணிய துகளையே தேர்ந்தெடுத்தன. பாதத்தின் மெத்தையில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. எந்த மண் ஆகும், எந்த மண் ஆகாது என்று தீர்மானிப்பதில் அந்தப் பாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நாமோ மூக்கை விரட்டப் பார்க்கிறோம். எலுமிச்சைத் தோல், காப்பிப் பொடிச் சக்கை, பூண்டுச் சாறு, மிளகாய்த் தூள், வேப்பம் புண்ணாக்கு என்று வீட்டுக்கு வீடு ஒரு மருந்து. இங்கிலாந்தில் சிங்கத்தின் சாணத்தை உருண்டையாக்கி, பூனை விரட்டி என்று டப்பாவில் அடைத்து விற்றார்கள். ஜெர்மனியில் கோலியஸ் வகைச் செடி ஒன்றைப் பூனை அண்டாத செடி என்று விளம்பரப்படுத்தினார்கள். நம் ஓமவல்லிக்கு ஒன்றுவிட்ட உறவு அது. இவற்றில் சில ஓரிரு நாள் வேலை செய்யக்கூடும். பிறகு வெயிலில் எண்ணெய் ஆவியாகிவிடும், மழையில் கரைந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், பூனைக்கு வாசனை என்பது தகவல். புதிதாக ஏதோ வீசுகிறது என்றால் நின்று முகர்ந்து பார்க்கும். ஆபத்து ஒன்றும் வரவில்லை என்றால் தாண்டிப் போய்த் தன் வேலையைப் பார்க்கும். மிளகாய்த் தூளை மட்டும் நான் மருந்தாகவே கருதமாட்டேன். பாதத்தில் ஒட்டியது நக்கும்போது வாய்க்கும், முகம் துடைக்கும்போது கண்ணுக்கும் போகும். பூனைக்குப் புரியாத தண்டனை அது.

கண்ணை விரட்டும் வைத்தியமும் உண்டு. நம் ஊர்களில் நாய் வராமலிருக்க வாசலில் நீலமோ சிவப்போ கலந்த தண்ணீர் பாட்டிலை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அதே பாட்டிலைப் பூனைக்காக வைக்கிறார்கள். வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள் நிற்கும் சந்துகள் அங்கே சாதாரணம். பூனைகள் அவற்றின்மேல் உரசிக்கொண்டு நடக்கின்றன. சூரிய ஒளியைக் குவித்து அருகிலிருக்கும் பொருளைப் பற்றவைத்துவிடும் என்று ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் அந்தப் பாட்டில்களைப் பற்றி எச்சரித்ததுதான் மிச்சம்.

காதை விரட்டும் கருவிகளின் கதை கொஞ்சம் வேறு. மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனைக்கு ஒலி போதிய வலுவாக இருந்தால் 85 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும். எலிகள் நமக்குக் கேட்காத கீச்சொலியில்தான் பேசிக்கொள்கின்றன. அவற்றைத் தின்று பிழைக்கும் பிராணிக்கு அந்தக் காது தேவைப்பட்டது. அசைவைக் கண்டதும் மீயொலி எழுப்பும் பெட்டிகள் இதைப் பயன்படுத்துகின்றன. இவற்றை முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், சில தோட்டங்களில் வேலை செய்யும் கருவியையும் சிலவற்றில் ஊமைக் கருவியையும் வைத்தார்கள். எது எது என்று பார்வையாளர்களுக்குச் சொல்லவில்லை. பூனை நுழையும் வாய்ப்பு ஒரு சோதனையில் சுமார் 32 விழுக்காடு குறைந்தது. நாளாக ஆகப் பலன் கூடியது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத் தோட்டங்களில் நடந்த ஆய்வில் வருகைகள் 46 விழுக்காடும், தோட்டத்தில் தங்கும் நேரம் 78 விழுக்காடும் குறைந்தன.

இந்த எண்களை விளம்பரக்காரர் ஒரு விதமாகவும் தோட்டக்காரர் வேறு விதமாகவும் படிக்க வேண்டும். நான்கு முறை வந்த பூனை மூன்று முறை வருகிறது, அல்லது பாதியளவு வருகிறது. வராமலே போய்விடவில்லை. பெர்த் ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்தத் தங்கும் நேரம். ஆற அமர உட்கார்ந்து தோண்ட நேரமில்லை என்றால் பாத்தி பாதி தப்பித்துவிடும். அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான்களும் இருக்கின்றன. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊர்களில் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

விரட்டுவது இருக்கட்டும், பூனை எப்படிக் கற்கிறது என்று பார்ப்போம். 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளைப் பெட்டியில் அடைத்து, வெளியே மீன் துண்டை வைத்தார். கயிற்றை இழுத்தாலோ மிதிகட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் கண்டபடி பிறாண்டிய பூனை தற்செயலாகக் கதவைத் திறந்தது. அடுத்தடுத்த முறைகளில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நல்ல பலன் தந்த செயல் நிலைக்கிறது, தராதது உதிர்ந்துபோகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். தோட்டத்துக்கு வரும் பூனையும் இப்படித்தான் கற்கிறது. சுகமாகத் தோண்ட முடிந்த இடத்துக்கு மறுபடி வரும். தோண்டவே முடியாத இடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து பார்த்துவிட்டு வேறு வழி தேடும்.

பாத்தியைத் தோண்ட முடியாததாக்கும் வழிகளுக்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் பூனை வந்த இடத்தில் ஃபினாயில் ஊற்றுவதும், தொட்டி ஓரத்தில் பாச்சை உருண்டை போடுவதும் வழக்கம். இவை பூனைக்கு நஞ்சு. நம் கல்லீரல் ஃபீனால் போன்ற பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு ஒட்டவைத்து, கரையும் தன்மையாக்கி, சிறுநீரில் வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான மரபணு பூனை இனத்தில் பழுதாகிச் செயலிழந்துவிட்டது. செடி கொடி தின்னாத விலங்குக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் தேவை இருக்கவில்லை என்பது ஒரு விளக்கம். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று பூனையைக் கொன்றுவிடுவதும் இதே காரணத்தால்தான். ஃபினாயில் பட்ட பாதத்தைப் பூனை நக்காமல் விடாது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், நீங்கள் சாப்பிடப்போகும் கீரையின் வேர்மண்ணிலும் அதற்கு வேலை இல்லை. வேண்டுமென்றே விஷம் வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பூனையைத் தோட்டத்துக்கு வரவழைக்கும் ஒரு செடியை நாமே வளரவிட்டுக்கொண்டிருப்போம். குப்பைமேனி! சுவரோரத்திலும் தொட்டியிலும் தானாக முளைக்கும் இந்தக் களையை வேரோடு பிடுங்கிப் போட்டால், எங்கிருந்தோ பூனை வந்துவிடும். வேரை முகர்ந்து, கடித்து, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும். பூனைவணங்கி என்று சித்த மருத்துவர்கள் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். வேதியியலாளர்கள் வந்துசேர 2016 ஆயிற்று. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் காட்டுத்தனமாகப் பெருகிவிட்ட பூனைகளைக் கவர்ந்து பிடிக்க ஒரு பொருளைத் தேடியவர்கள், குப்பைமேனி வேரிலிருந்து இரண்டு சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றின் பெயர் ஐசோடைஹைட்ரோநெபெட்டாலாக்டோன். மேலைநாடுகளில் பூனைகளைக் கிறங்கடிக்கும் கேட்னிப் செடியில் இருக்கும் சேர்மத்துக்கு அது நெருங்கிய சொந்தம்.

இந்தக் கிறக்கம் எதற்காக என்பதில் ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழகத்து மசாவோ மியாசாகி குழுவினர் 2021-இல் ஒரு விடை தந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மட்டாடபி என்ற ஜப்பானியக் கொடியை. அதில் உள்ள இதே குடும்பத்துச் சேர்மத்தை முகத்திலும் தலையிலும் தேய்த்துக்கொண்ட பூனைகள்மேல் கொசு குறைவாக உட்கார்ந்தது. பூனை புரள்வது கொசு மருந்து பூசிக்கொள்ளத்தானோ என்னவோ. குப்பைமேனியை வைத்து இதே சோதனையை நம் ஊரில் யாராவது செய்து பார்க்கலாம், கொசுவுக்கும் பூனைக்கும் இங்கே பஞ்சமில்லை. தோட்டக்காரருக்கு இதிலுள்ள பாடம் சின்னது. பாத்தியில் களை எடுக்கும்போது குப்பைமேனியை அறுபட்ட வேரோடு வரப்பிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். மீன் அமிலம் தெளிக்கிறவர்களும் விதைப் பாத்திக்கு அருகில் அதைத் தவிர்ப்பது நல்லது. மீன் வாடைக்கு வரும் பூனை மண்ணையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

இனி பாதத்துக்கு வருவோம். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோணக் கண்ணி வலையைப் பாத்தியின் அளவுக்கு வெட்டி, முனைகளை உள்ளே மடக்கி, விதைத்த மண்மேல் பரப்பி, அரை விரல்கடை மண்ணைத் தூவி மூடிவிடுங்கள். கீரை நாற்று கண்ணிக்குள் புகுந்து மேலே வந்துவிடும். பிறாண்டிய பூனைக்கு நகத்தில் கம்பி தட்டும். காயம் இல்லை, தோண்டவும் முடியாது. வலை வாங்க மனமில்லாதவர்கள் பழைய விளக்குமாற்றின் ஈர்க்குகளை நான்கு விரல் இடைவெளியில் நெருக்கமாக ஊன்றலாம். குந்தி உட்கார இடமில்லாவிட்டால் பூனை உட்காராது. காகிதப்பூச் செடியைக் கவாத்து செய்த முட்கிளைகளும் பயன்படும், ஆனால் பிறகு களை எடுக்கும் கை உங்களுடையது.

மாடித்தோட்டத்தில் வளர்ப்புப் பைகளுக்குள் நாம் போடும் தென்னை நார்த்தூள், எட்வர்ட் லோவின் களிமண் துகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல. உலர்ந்த நார்த்தூள் மேலே தெரிய விட்டுவைப்பது பூனைக்கு அழைப்பு வைப்பதுதான். மூடாக்குக்கு மரத்தூளும் உமியும் கூடாது. உரித்த தேங்காய் மட்டைத் துண்டுகளை நெருக்கமாகக் கவிழ்த்து வையுங்கள், அல்லது கைக்கு அடங்கும் கூழாங்கற்களை அடுக்குங்கள். ஈரம் காப்பது கூடுதல் லாபம். புது விதைப்புக்குச் சாயங்காலம் நீர் விட்டால் இரவில் மண் பூனைக்குப் பிடித்த உலர்ந்த பதத்தில் இராது. இந்தக் காவலெல்லாம் செடி ஒரு சாண் உயர்ந்து, மண் வெளியே தெரியாமல் மூடும்வரைதான்.

நாற்றத்தையும் பாழான விதையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும், பூனை மலத்தைக் கையால் அள்ளக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா காண்டி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908-இல் துனிஸ் நகரில், காண்டி என்ற வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கில் சார்ல் நிக்கோல், லூயி மான்சோ இருவரும் இதைக் கண்டார்கள். எந்தப் பாலூட்டியிலும் பறவையிலும் இது வாழும். ஆனால் பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே இனச்சேர்க்கை நடத்தி முட்டையுறைகளை உண்டாக்கும். இது 1970 வாக்கில் உறுதியாயிற்று. ஏன் பூனையில் மட்டும் என்ற கேள்வி இன்னும் ஐம்பது ஆண்டுகள் நின்றது. 2019-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் விடையைக் கொழுப்பில் கண்டுபிடித்தார்கள். லினோலெயிக் அமிலத்தை மாற்றும் ஒரு நொதி மற்றப் பாலூட்டிகளின் குடலில் வேலை செய்கிறது, பூனையின் குடலில் செய்வதில்லை. அதனால் அங்கே அந்த அமிலம் மிகுந்திருக்கிறது. எலிகளுக்கு அந்த நொதியை மருந்தால் தடுத்து, லினோலெயிக் அமிலத்தையும் ஊட்டினார்கள். எலியின் குடலைப் பூனையின் குடல் என்று நம்பி ஒட்டுண்ணி முட்டையுறைகளை உண்டாக்கிவிட்டது.

பயந்து பூனைகளை ஊர்விலக்கம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு பூனை முதல்முறை தொற்றுக்கு ஆளாகும்போது ஒன்று முதல் மூன்று வாரங்கள்தான் இந்த உறைகளை வெளியேற்றும், அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில். பிறகு எதிர்ப்பாற்றல் வந்துவிடும். மலத்தோடு வெளியே வந்த உறை உடனே தொற்றாது, முதிர 1 முதல் 5 நாள் ஆகும். முதிர்ந்துவிட்டால் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கர்ப்பகாலத்தில் முதல்முறை தொற்றினால் கருவைப் பாதிக்கலாம் என்பதால், கர்ப்பிணிகள் தோட்ட மண்ணைக் கையுறையில்லாமல் தொட வேண்டாம். பச்சையாகத் தின்னும் கீரையை எல்லோருமே நன்றாக அலசித்தான் ஆக வேண்டும். வெறுங்காலோடு ஈர மணலில் நிற்பவர்களுக்கு இன்னொரு விருந்தாளி உண்டு. பூனை, நாய்களின் கொக்கிப்புழுக்களில் ஒரு வகையின் இளம்புழு தோலைத் துளைத்து நுழைந்து, சிவந்து நெளியும் கோடாக ஊர்ந்து அரிப்பைத் தரும். மாட்டுச் சாணம்போல இதுவும் எருதானே என்று பூனை மலத்தை மண்ணோடு கொத்திவிடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

வருவது யார் வீட்டுப் பூனை? உடலில் ஜிபிஎஸ் கட்டி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பெரும்பாலானவை வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே நேரத்தைக் கழித்தன. ஆகவே வளர்ப்புப் பூனையென்றால் அதன் சொந்தக்காரர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். "அக்கா, உங்க பூனை எங்க கீரையை விடமாட்டேங்குது. கொல்லையில கொஞ்சம் மணல் கொட்டி வைங்களேன்" என்று பேசிப் பார்ப்பதில் தவறில்லை. கடுவனாக இருந்தால் கருத்தடை செய்யவும் சொல்லலாம். காயடிக்காத கடுவனின் சிறுநீரில் ஃபெலினைன் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது சிதைந்து உண்டாகும் கந்தகச் சேர்மம்தான் சுவரில் பீய்ச்சிய இடத்தில் நாள்கணக்கில் நிற்கும் அந்த வீச்சம். ஃபெலினைனை உண்டாக்க உதவும் காக்ஸின் என்ற புரதத்தை அடையாளம் காட்டியதும் மட்டாடபி ஆராய்ந்த அதே மியாசாகிதான். கருத்தடைக்குப் பின் ஃபெலினைனும் குறையும், பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதையும் விட்டுவிடும்.

சொந்தக்காரர் இல்லாத தெருப் பூனையென்றால் மணலை நீங்கள்தான் கொட்ட வேண்டும். பாத்தியிலிருந்து தள்ளி, மழை படாத ஒதுக்குப்புறமான மூலையில், ஒரு முழ அகலத்துக்கு, நன்றாகச் சலித்த மணல் முக்கால் சாண் ஆழம் இருந்தால் போதும். சோறு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், தின்னும் இடத்தில் பூனை கழிக்காது. பாத்தியில் வலை போட்ட அன்றே இங்கே மணலையும் போடுங்கள். அப்போதுதான் ஒன்று மூடும்போது இன்னொன்று திறந்திருக்கும். பழைய குழியிலிருந்து ஒரு சிறு கரண்டி மண்ணை எடுத்து இந்த மணலில் புதைத்தால் பூனைக்கு இடம் சீக்கிரம் பிடிபடும். தினமும் காலையில் கரண்டியால் அள்ளிவிட வேண்டும். ஒட்டுண்ணியின் உறை முதிர ஒரு நாளாவது ஆகும் என்று பார்த்தோம், அதற்குள் அள்ளியாக வேண்டும். அள்ளியதை உரக்குழியில் போடக் கூடாது. வீட்டு உரக்குழியின் சூடு அந்த உறையைக் கொல்லும் அளவுக்குப் போவது அரிது. பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம்.